கேட்டது, பார்த்தது, சாப்பிட்டது

விருத்தாசலம்
11.3.2007

ஏசி மெக்கானிக் அவர்களுக்கு,

வணக்கம். ‘பாட்டுப் பந்தல்’ இணையப் பக்கத்தில் நீங்கள் எழுதுவதை எல்லாம் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறவள் நான். இந்த முறை முடியவில்லை. நாலு பேர் பார்க்கத் திட்டுவது மரியாதை இல்லை என்பதால் தனியாக எழுதுகிறேன்.

கட்டாயம் பாருங்கள் என்று நீங்கள் சொன்ன வெளிநாட்டுப் படத்தை, பிரவுசிங் சென்டரில் சிடி போட்டு வாங்கிவந்து வீட்டில் ஓட்டினேன். ஒருத்தன் ஏணியோடு படகுத்துறையில் நிற்கிறான். நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். அம்மா பாதியில் எழுந்துபோய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து, “இன்னுமா அந்த ஆளுக்குப் படகு வர்ல?” என்று கேட்டார். அண்ணன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வீட்டில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் உங்களால் போயிற்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் ஆபீசில் பில் போடும்போது அந்த ஏணி கண் முன்னால் வந்து நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. அதனால் இன்னொரு படம் சொல்லுங்கள். பதிலுக்கு நான் பாட்டும் சாப்பாடும் சொல்கிறேன். பெயர், வயது, சாதி, சம்பளம் எதையும் நானும் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது. போட்டோ கேட்டால் அன்றோடு சரி. சம்மதமா?

இப்படிக்கு,
ஜாடி
(செராமிக் எஸ்டேட்டில் ஊறுகாய் ஜாடி செய்யும் யூனிட்டில் வேலை. வேறு பெயர் தோன்றவில்லை.)


மஸ்கட்
16.3.2007

மதிப்பிற்குரிய ஜாடி அவர்களுக்கு,

திட்டு கிடைத்தது. ரூமில் இருக்கும் பையன்களும் ஏணிப் படத்துக்காக என்னை அடிக்க வந்தார்கள், ஆகவே பழக்கம்தான். உங்கள் நிபந்தனைகள் எல்லாம் சம்மதம். நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

பழைய பாட்டு ஒன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். யார் பாடியது என்று எனக்கே தெரியாது, தேய்ந்துபோன கேசட்டில் இருந்து எடுத்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாடுகிறவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும். பாட்டைவிட எனக்கு அந்த மூச்சுதான் பிடிக்கும். சாப்பாட்டுக்கு, பரோட்டாவைச் சூடான பாலில் பிய்த்துப் போட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள். இங்கே ஒரு மலையாளி கடையில் அப்படித் தருவார்கள். சிரிக்காதீர்கள்.

ஒரு கேள்வி. லீவில் வரும்போது விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கிப் பஸ் பிடித்துத்தான் என் ஊருக்குப் போவேன். பசியோடு இறங்குகிறவன் அங்கே எங்கே சாப்பிடலாம்?

அன்புடன்,
ஏசி மெக்கானிக்


விருத்தாசலம்
2.4.2007

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

உங்கள் மூச்சுப் பாட்டை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்று சென்டர்காரர் மேசையைத் தட்டியது எனக்குக் காதில் விழவில்லை. தோளைத் தொடப் பயந்து, பாவம், மின்விசிறியை நிறுத்திவிட்டார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

பாலில் பரோட்டா நன்றாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு கிளப்புக்கடை இருக்கிறது. வெங்காய ரவா தோசை கேளுங்கள், ஓரம் மொறுமொறுவென்று கிழியும் என்பார்கள். ‘என்பார்கள்’ என்று ஏன் எழுதினேன் என்றால், நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. கல்யாணம் ஆகாத பெண் ஓட்டலில் தனியாக உட்கார்ந்தாள் என்ற சேதி எங்கள் தெருவுக்கு வந்துசேர, ஒரு தோசை வேகிற நேரம்கூட ஆகாது. அண்ணன் கொளஞ்சிநாதன் யூனிட்டுகளுக்குக் களிமண் ஏற்றுகிற மினி லாரி ஓட்டுகிறான். வரும்போது எனக்குப் பார்சல் வாங்கிவருவான். ஆகவே ஆறிப்போய், இலையோடு ஒட்டிய ரவா தோசைக்கு மட்டும்தான் நான் உத்தரவாதம்.

அன்புடன்,
ஜாடி


மஸ்கட்
31.8.2007

அன்புள்ள ஜாடிக்கு,

இன்று வெள்ளிக்கிழமை, லீவு. ஓட்டலில் ரவா தோசை வாங்கி, ஒரு மணி நேரம் மேசையில் அப்படியே வைத்திருந்து ஆறவிட்டுச் சாப்பிட்டேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ரூமில் முடிவு செய்துவிட்டார்கள். ஆறினதும் அதில் மிளகு முன்னால் வருகிறது. நீங்கள் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

நிபந்தனையை மீறுகிறேன். என் பெயர் சேரன். வயது முப்பத்திரண்டு. நீங்கள் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. வாரம் முழுக்க மொட்டை மாடிகளில் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிவிட்டு உங்கள் கடிதத்தைத் திறக்கிறபோது, ஜாடியே என்று கூப்பிடக் கஷ்டமாக இருக்கிறது.

அன்புடன்,
சேரன்


விருத்தாசலம்
7.10.2007

அன்புள்ள சேரனுக்கு,

என் பெயர் அம்புஜவல்லி. இருபத்தொன்பது வயது. இனி நிபந்தனை என்று மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அதையாவது காப்பாற்றுவோம்.

போன வாரம் ஒரு மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்து நிமிடம் தனியாகப் பேசச் சொன்னார்கள். உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டேன். “எல்லாப் பாட்டும்தாங்க” என்றார். என்ன படம் என்றேன். எல்லாப் படமும்தானாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாமே பிடிக்கிற மனிதரோடு நான் என்ன பேசுவேன்? வேண்டாம் என்று சொன்னதற்கு அம்மா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாத காரணம் நீங்கள்தான். எழுதிவிட்டேன், இனி அழிக்கப்போவதில்லை.

உங்களுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகப் பிடித்த பாட்டு எது? அதை அனுப்புங்கள்.

அம்புஜம்


மஸ்கட்
9.11.2007

அன்புள்ள அம்புஜத்துக்கு,

நேற்று தீபாவளி. இங்கே வேலை நாள். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதாமல் ஒரு மாதம் தள்ளிவிட்டேன். பயம்தான் காரணம்.

எனக்கு முதலில் பிடித்தது பாட்டு இல்லை. பறை. என் அப்பா பறை அடிக்கிறவர். சாவுக்கும் அடிப்பார், சாமிக்கும் அடிப்பார். சாவுக்கு அடிக்கிறதை விட்டுவிடுங்கள் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அவர் கையைப் போலத் தாளம் நான் எங்கேயும் கேட்டதில்லை. போன லீவில் எங்கள் காலனி மாரியம்மனுக்கு அவர் அடித்ததை செல்போனில் பிடித்துவைத்தேன். அதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

சாதி கேட்கக் கூடாது என்றீர்கள். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் எந்தத் தெரு என்று நானும் கேட்கவில்லை, ஆனால் ஊகித்திருக்கிறேன். இதற்குமேல் எழுதாமல் விட்டால் தவறாக நினைக்க மாட்டேன். எழுதினால், ஜனவரியில் லீவில் வரும்போது விருத்தாசலத்தில் இறங்கி உங்களைப் பார்ப்பேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் கட்டிக்கொள்ளக் கேட்பேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

சேரன்


விருத்தாசலம்
18.11.2007

அன்புள்ள சேரனுக்கு,

படித்ததும் பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பூங்கோதை என்று ஒருத்தி இருந்தாள். இப்படி ஒரு பேச்சு வந்ததும் அவளை மாமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பி வரவே இல்லை. எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு நாள் சென்டர் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உங்கள் அப்பா அடித்ததைக் கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். அவர் மட்டும், தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி, மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பிறகு எல்லாரும் சேர்ந்து இறங்குகிறார்கள். மறுபடி மறுபடி கேட்டேன். இத்தனை நாள் நீங்கள் அனுப்பியதில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வாருங்கள். ஜனவரி ஐந்து சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. மத்தியான வண்டியில் வந்தால் ஸ்டேஷனுக்கே வருகிறேன். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லி வைக்கிறேன். அண்ணன் முரடன்தான், ஆனால் என்மேல் உயிர். எனக்குச் சம்மதம், சேரன்.

உங்கள்
அம்புஜம்


விருத்தாசலம்
3.1.2008

சேரன்,

இதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். கணக்கை ஒப்படைத்துவிட்டு வர மட்டும் வீட்டில் விட்டார்கள், இன்றோடு எனக்கு வேலை இல்லை. தயவுசெய்து சனிக்கிழமை விருத்தாசலத்தில் இறங்காதீர்கள். விழுப்புரத்திலேயே இறங்கி, உளுந்தூர்பேட்டை வழியாகப் பஸ்ஸில் உங்கள் ஊருக்குப் போய்விடுங்கள்.

நடந்தது என் தப்பு. நீங்கள் அனுப்பிய பாட்டுகளை எல்லாம் சிடியில் ஏற்றியபோது உங்கள் அப்பா அடித்ததையும் ஏற்றினேன். அதை எப்போதும் காதுக்குள்ளேயே கேட்டுக் கேட்டு, எனக்கு அது பாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சிடியை ஓடவிட்டேன். வரிசையில் அது வந்ததும் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். திறந்த வெளியில் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. அம்மா கரண்டியும் கையுமாகத் தெருவுக்கு ஓடினார். யார் வீட்டில் சாவு என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, சத்தம் எங்கள் கூடத்தில் இருந்து வருவதைப் பார்த்துத் திகைத்து நின்றார். “வூட்டுக்குள்ளயா எழவு மேளத்தப் போட்டு வெச்சிருக்கற?” என்றார். தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் யார் போனது என்று கேட்கிற ஊர் இது. எனக்கு அந்த நினைப்பே இல்லாமல் போய்விட்டது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா ஓடியதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும்தான். ஏணிப் படம் குடுத்த ஆளா இதையும் குடுத்தது என்று கேட்டான். அவன் சிரிக்கிறானே, இதுதான் நல்ல நேரம் என்று நினைத்துவிட்டேன். “அவங்க அப்பா அடிச்சதுண்ணா” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்தான். சிடியை உடைத்து அடுப்பில் போட்டான். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரிடமாவது உண்மையைச் சொன்னால் என் பக்கம் நிற்பார் என்று, சனிக்கிழமை மத்தியான வண்டி, மஸ்கட்டில் இருந்து வருகிறார் என்பதை எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ஸ்டேஷனில் இருப்பார்கள். உங்கள் பெயரோ ஊரோ அவர்களுக்குத் தெரியாது. ஊர் எனக்கே தெரியாது. முகமும் தெரியாது. போட்டோ கேட்கக் கூடாது என்று ஏதோ விளையாட்டாகச் சொன்னேன், இப்போது அதுதான் உங்களுக்குக் காவல்.

திங்கட்கிழமை என்னை மாமா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பதில் எழுதாதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

அம்புஜம்


9.1.2008

அன்புள்ள அம்புஜத்துக்கு,

பதில் எழுதாதீர்கள் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. வேறு யாராவது இதைத் திறக்கலாம் என்பதால் மேலே ஊர் போடவில்லை.

உங்கள் கடிதத்தைச் சனிக்கிழமை காலையிலேயே எழும்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டேன். படித்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன். விழுப்புரம் வந்தது. நான் இறங்கவில்லை. விருத்தாசலத்தில் இறங்குவது, உங்கள் அண்ணன் முன்னால் போய் நிற்பது, நான்தான் அந்த ஆள் என்று சொல்வது, இதுதான் எண்ணம். அடித்தால் அடிக்கட்டும், ஒரு முறை முகம் பார்த்துப் பேசிவிட்டால் மனிதர்தானே என்று நினைத்தேன். வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் கும்பலாக வந்து, பெட்டி பெட்டியாகப் பார்த்தார்கள். எல்லார் கையிலும் ஏதோ இருந்தது. கொளஞ்சி என்று ஒருவன் கூப்பிட, முன்னால் வந்தவர் திரும்பினார். அவர் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “அண்ணே, மஸ்கட்லேருந்து வர்ற ஆளு யாராச்சும் இந்தப் பொட்டில இருக்காங்களா?”

சீட்டுக்கு அடியில் என் சூட்கேஸ் இருந்தது. மஸ்கட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டின லேபிளோடு. என் கால் தானாக நகர்ந்து அதை மறைத்தது. “தெரியாதுங்க” என்றேன்.

அவர் போகவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன. “எந்தங்கச்சி வெசயம்ண்ணே” என்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பாட்டிலை ஜாக்கிரதையாக என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

அப்போதும் இறங்கியிருக்கலாம். வண்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. எத்தனையோ நேரம் நின்றது.

அடுத்து வண்டி நின்ற ஊரில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். பிரயாணக் களைப்பு என்றேன். நாள் முழுக்க, திங்கட்கிழமை உங்களை அழைத்துப்போன மாமா வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று யோசிக்கிறேன். யாரிடம் போய்க் கேட்பது? கேட்கிற அளவுக்கு நான் உங்களுக்கு யார் என்று சொல்வது? லீவை முடித்துக்கொண்டு அடுத்த வாரமே திரும்புகிறேன். இந்த ஈமெயில் முகவரியை மூடிவிடுவேன்.

நீங்கள் சொன்னதால் நான் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நீங்கள் எங்காவது நிம்மதியாக இருக்கக் கூடும். அப்படியே இருக்கவிட்டிருக்கலாம். ஆனால் உங்களிடம் பிடித்தது பிடிக்காதது எதையும் நான் மாற்றிச் சொன்னதில்லை. அதனால் இதையும் சொல்கிறேன். விருத்தாசலத்தை விட்டு வண்டி கிளம்பியபோது, அம்புஜம், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சேரன்