எஞ்சின் ரூமில் நிற்கும் பொம்மை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் நன்றாகத்தான் இருக்க வேண்டும், வேறு மாதிரி இருக்க நான் உனக்கு அனுமதி கொடுக்கவில்லை. உன் சரக்குக் கப்பலுக்குப் புதிதாக வருகிற சமையல்காரர் நம் பக்கத்துத் தெருதான் என்று கம்பெனி ஆபீசில் சொன்னார்கள், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கூடவே காலுறையும் முதுகுவலித் தைலமும் இருக்கும். போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே சிக்னல் போகிறது என்கிறாய், உனக்குப் பிடிக்காத பேச்சு வரும்போது மட்டும் அந்த சிக்னலுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்கிறதோ தெரியவில்லை. காகிதத்தை நீ பாதியில் வெட்ட முடியாது, முழுசாகப் படி.

விஷயம் உன் தங்கையைப் பற்றி. அனிமேஷன் படிப்பில் கடைசி வருஷத்துக்கு ஒரு சின்னப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா, கூடப் படிக்கிறதுகள் எல்லாம் பூனை, பேசுகிற மரம் என்று எதையோ செய்து முடித்துவிட்டு நிம்மதியாகத் திரிகின்றன. இவள் எடுத்திருப்பது பழைய உலகப் போரில் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களை விமானங்கள் வந்து அடித்த கதை. அந்த விமானங்கள் கரையிலிருந்துகூட வரவில்லையாம், நடுக்கடலில் இன்னொரு கப்பலின் முதுகிலிருந்து கிளம்பி வந்தனவாம். ஏன்டி இதை எடுத்தாய் என்றால் வேற யாரும் எடுக்கலம்மா, அதான் என்கிறாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேஜை இப்போது துறைமுகம், நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். கடல் எது தெரியுமா, என் தையல் கடைக்கு ஒரு அம்மா கொடுத்திருந்த கோட்டுக்காக வாங்கி வைத்த நீல லைனிங் துணி. சுருக்கம் வைத்து அடியில் நூல் கோத்து இழுத்தால் அலை மாதிரி வருகிறதாம், என்னைக் கேட்காமலே வெட்டிவிட்டாள். அந்த அம்மாவிடம் துணி இன்னும் கடைக்கு வரவில்லை என்று நான் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். தோள்பட்டைக்கு வைக்கிற பஞ்செல்லாம் புகையாகிவிட்டது. உன் அப்பா கண்டிப்பார் என்று பார்த்தால், அவர் ஜன்னல் திரைக் கம்பியைக் கழற்றிக் காமிராவைத் தொங்கவிட வசதி செய்து கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டி வைத்திருக்கிறார். புகை கறுப்பா இருந்திருக்குமா சாம்பலா இருந்திருக்குமா என்று அவளோடு உட்கார்ந்து வாதம் வேறு. எனக்கு வாய்த்தது இரண்டும் அப்படி.

படிக்கிற பிள்ளை என்று பொறுத்துக்கொண்டு விவரம் சேகரிக்க நானும் அவளோடு அலைந்தேன். நூலகத்தில் இரண்டு புத்தகம் கிடைத்தது, ஒன்றில் முதல் குண்டு பெரிய கப்பல் மேல் விழுகிறது, இன்னொன்றில் எண்ணெய்த் தொட்டி மேல் விழுகிறது, இரண்டிலும் பக்கம் பக்கமாகத் தளபதிகளின் பெயர்தான். கடற்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் வாசலில் இருந்தவர் கல்லூரிக் கடிதம் கொண்டா என்றார், கொண்டு போனால் முத்திரை எங்கே என்றார், முத்திரையோடு போன அன்றைக்கு அறைச் சாவி வைத்திருப்பவர் லீவு. இவர்கள் வீட்டுச் சொத்தையா எழுதிக் கேட்டோம். ஒருவழியாகச் சாவிக்காரர் வந்து திறந்துவிட்டார், உள்ளே சுவர் நிறையப் போட்டோ. எல்லாம் விமானத்தில் இருந்தவர்கள் மேலேயிருந்து எடுத்தது. கப்பல்கள் என் ஊசி டப்பாவில் கிடக்கிற கொக்கிகள் மாதிரி இருந்தன, ஒரு படத்திலும் ஒரு முகம் கிடையாது. இவள் அதைப் பார்த்து மேஜைத் துறைமுகத்தையும் அப்படியே மேலேயிருந்து படம் பிடித்து ஆசிரியையிடம் காட்டியிருக்கிறாள். அவர் முழுவதும் பார்த்துவிட்டு, கப்பல் இருக்கு, விமானம் இருக்கு, ஆள் எங்கம்மா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் எடுத்ததில் பாதியை அழித்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் இன்னொரு வருஷம் அதே வகுப்பில் உட்கார வேண்டும், அது தெரிந்தும் அழிக்கிறாள் பார்.

இப்போது புதிதாக அட்டையில் ஒரு கப்பல் செய்திருக்கிறாள், பாதியாக நறுக்கின மாதிரி உள்ளே எல்லாம் தெரிகிறது, அடியில் எஞ்சின் ரூம், அதில் கம்பியில் செய்த ஒரு பொம்மை, விரல் உயரம்தான். அதற்கு வேலை உடுப்பு தைத்துக் கொடு என்றாள். நானும் மும்முரமாக உட்கார்ந்து காலர், பை, முட்டியில் ஒட்டு என்று எல்லாம் வைத்துத் தைத்தேன். மாட்டிவிட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது, ஒட்டு வை என்று அவள் சொல்லவே இல்லை. போன லீவில் நீ உன் வேலை உடுப்பை முட்டியில் ஒட்டுப் போடக் கொடுத்தாயே, என் கை பாட்டுக்கு அதையே தைத்து வைத்திருக்கிறது.

அந்தப் பொம்மை குண்டு விழும்போது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியவில்லை, அதைத்தான் உன்னிடம் கேட்டு எழுதியிருக்கிறாள். அவள் போனில் நான் படித்தேன். மேல்தளத்துல நிக்கறவனுக்கு வானம் தெரியும், கீழ இருக்கறவனுக்கு முதல்ல எப்படித் தெரியும், வெளிச்சம் போகுமா, தண்ணி எந்தப் பக்கம் வரும், அவன் எந்த வழியா ஓடுவான் என்று ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். கூடப் பிறந்தவன் கப்பல்ல எஞ்சின் ரூம்லதான் இருக்கான், அவன்கிட்ட கேக்கற கேள்வியாடி இது, உன் வாயில நல்லதே வராதா என்று திட்டித் தீர்த்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே, மேலேருந்து போட்டோ எடுத்தவங்க எடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்கம்மா, கீழ இருந்தவன் கையில காமிரா இல்ல, அண்ணனைக் கேக்காம நான் யாரைக் கேப்பேன் என்றாள். நீயோ அவளுக்கு ஒரு சிரிக்கிற மூஞ்சியைப் போட்டு, வேற நல்ல கதையா எடு குட்டி என்று எழுதியதோடு சரி. பெரிய மனுஷன் செய்கிற வேலையா இது.

உண்மையைச் சொன்னால், நீ பதில் சொல்லாதது முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதன் பிறகு அந்தப் பொம்மையைத் தொடவே இல்லை. படத்துக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் போட்டோ எடுக்க வேண்டும், எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறாள், அது தலையை மேலே தூக்கிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் நிற்கிறது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் என் கண் அங்கேதான் போகிறது. உன் அப்பாவிடம் கேட்டேன், அதெல்லாம் பயிற்சி குடுத்திருப்பாங்க, அவனுக்குத் தெரியும் என்றார். என்ன பயிற்சி என்றால் அவருக்கும் தெரியவில்லை, போர்வையைச் சரி செய்யப் போய்விட்டார். இத்தனை வருஷமாக நீ என்ன வேலை செய்கிறாய் என்று யார் கேட்டாலும் கீழே வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அந்தக் கீழே எப்படி இருக்கும் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அம்மா பயப்படுவாள் என்று நினைக்கிறாய். சொல்லாமல் இருந்தால் நான் பயப்படாமலா இருக்கிறேன். நானாக நினைத்துக்கொள்வதில் அந்த அறைக்குக் கதவே இல்லை தெரியுமா.

அதனால் அவள் படம் கிடக்கட்டும், இது நான் கேட்பது. நீ நிற்கிற இடத்திலிருந்து மேலே வர எத்தனை வழி இருக்கிறது, இருட்டிலும் தெரியுமா, அந்தக் கதவு ஒரு ஆள் தள்ளினால் திறக்குமா. ஒளிக்காமல் எழுது. நீ எழுதின பிறகு பொம்மையை நான்தான் நகர்த்துவேன், நீ சும்மா காமிராவைப் பிடி என்று சின்னவளிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் சரி என்றுவிட்டாள்.

ராசா, உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றோடு வேலைக்கு இறங்காதே. எந்தக் கடலில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். பதிலை அந்தச் சமையல்காரரிடம் கொடுத்துத் தாமதம் செய்யாதே, கரை தெரிந்த உடனே போனில் அனுப்பு. மாதக் கடைசி அவளுக்குத்தான், எனக்கு அவ்வளவு நாள் தாங்காது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா