தம்பியின் நாலடித் தொட்டி

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தம்பியைப் பற்றி மட்டும் நலம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. போனில் நீ கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றே சொல்கிறேன், அவன் அறைக்கதவு என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது வேறு என்ன சொல்வது. எழுதினால் அவன் காதில் விழாது.

லிப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் கூட வேலை செய்த நெட்டையன் அந்தக் குழிக்குள் விழுந்து செத்துப்போனதிலிருந்து தம்பி வேலைக்குப் போகவில்லை, வாசலைத் தாண்டவில்லை, இது உனக்குத் தெரிந்ததுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்குவான், தூங்குவான், எழுந்து சுவரைப் பார்ப்பான். உனக்குத் தெரியாதது அதற்கப்புறம் நடந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே, டிஸ்கஸ் மீன் வளக்கணும்மா என்றான். எனக்கு அந்தப் பேரே புதுசு. வட்டமாக, தட்டையாக, சாசரை நிறுத்திவைத்த மாதிரி இருக்குமாம், உடம்பு முழுக்கக் கோடு கோடாகக் கலர். ஏதோ ஒரு ஆபீஸ் வரவேற்பறையில் வேலை முடிந்ததும் நெட்டையனும் நானும் நின்னு பாத்தோம், கெளம்பவே மனசு வரல என்றான். நெட்டையன் என்ற பேரை அவன் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று.

உன் அப்பாவைத்தான் தெரியுமே. பிள்ளை ஒன்றை வேண்டும் என்று வாய் திறந்து கேட்டுவிட்டான் என்றதும் மேற்கொண்டு ஒரு வார்த்தை விசாரிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயந்திரம் ரெண்டடித் தொட்டியும் ஆறு குட்டி மீனுமாக வந்து நின்றார். இப்ப குட்டிதானே சார், தாராளமா இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம், இவரும் சின்னதா ஆரம்பிப்போம், புடிச்சுப் போச்சுன்னா பெரிசு வாங்கலாம் என்று நினைத்தாராம். செருப்பு வைக்கிற அலமாரி மேலே தொட்டியை வைத்து, லைட்டைப் போட்டு, கல்யாண வீட்டு ஆள் மாதிரி முகமெல்லாம் பல்லாகத் தம்பியைக் கூப்பிட்டார். அவன் வந்து பார்த்தான். இது பத்தாதுப்பா என்றான், கோபமாகக்கூட இல்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அப்பா மீன் தீனிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் இரண்டு பேரும் உடைந்திருப்போம்.

கொஞ்ச நாளில் அந்தக் கலரெல்லாம் போய் மீன்கள் கரி பூசின மாதிரி கருத்துப்போயின. ஒரு மூலையில் முட்டிக்கொண்டு நின்றன, போட்ட தீனி போட்டபடி கிடந்தது. அதைப் பார்த்துத்தான் தம்பி அறையை விட்டு வெளியே வந்தான். காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினான், சூடு சரியாக இருக்கிறதா என்று வெப்பமானியைப் பார்த்தான். நான் மெதுவாகப் பக்கத்தில் போய், எவ்ளோ பெரிய தொட்டிதாம்பா வேணும் என்று கேட்டேன். மடை திறந்த மாதிரி பேசினான். இது தனியா இருக்கிற மீன் இல்லம்மா, அஞ்சாறாவது சேந்து இருக்கணும், வளந்தா ஒண்ணொண்ணும் என் உள்ளங்கையைத் தாண்டும், ஒண்ணுக்கு நாப்பது லிட்டராவது வேணும், இதுல மொத்தமே அம்பது லிட்டர் சொச்சம்தான், கொஞ்சத் தண்ணி சீக்கிரமே கெட்டுடும், ஒடம்பு ஒசரமா இருக்கறதால தொட்டியும் ஒசரமா இருக்கணும், நாலடி நீளம் ரெண்டடி ஒசரம் ஒன்றரையடி அகலம் இருந்தா நிம்மதியா இருக்கும் என்றான். நான் ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டிக்கொண்டே நின்றேன், அவன் பேச்சு நின்றுவிடக்கூடாதே என்று.

மறுநாள் ஒரு மீன் செத்துப்போனது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துலயேதான் இருந்தேன், போயிடுச்சும்மா என்றான். மீனைத்தான் சொல்கிறானா என்று நான் கேட்கவில்லை.

நான் கீழே ஓடினேன். நாலடித் தொட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சினேன். ஆறேழு ஆள் ராப்பகலா ஒரே எடத்துல நிக்கிற கனம்மா அது, ஏற்கெனவே கூரையில விரிசல், அதுக்குக் கீழ படுக்கறது நான்தானே என்றார். அவர் மேல் எப்படிக் குறை சொல்வது. மேலே வந்து, மூணடி வாங்கிக்கலாம்ப்பா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றேன். மூணடியில மூணு மீன்தாம்மா, மூணு மட்டும் விட்டா ரெண்டு சேந்து ஒண்ணை முட்டி முட்டியே சாகடிச்சிடும், அப்படிச் சாகறதுக்கு யாரை விடச் சொல்ற என்றான். பிறகு, விடும்மா, எல்லாத்தையும் கடையிலயே குடுத்துடுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அந்த விடும்மாவைக் கேட்டதிலிருந்து அவன் குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்தால்கூட சோப்பு இருக்கா என்று கேட்கிற சாக்கில் கதவைத் தட்டுகிறேன். கத்தியை எல்லாம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நீ என்ன செய்வாய்.

இரண்டு நாள் கழித்து அப்பா திடீரென்று, வீட்டை மாத்திடலாம் என்றார். மீனுக்காகவா என்றேன். பின்ன, வீட்டுக்காக மீனையா மாத்தறது என்றார். பெயிண்ட் கடைக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஒரு வீடு. பார்க்கப் போனபோது மனுஷன் தண்ணீர் வருகிறதா வெளிச்சம் இருக்கிறதா எதையும் பார்க்கவில்லை, நேராகக் கூடத்துச் சுவருக்குப் போய் அளக்கிற டேப்பைப் பிடித்தார். மண்மேல் போட்ட சிமெண்டுத் தரை, யானையையே நிறுத்தலாம். சமையலறையில் நான் திரும்பினால் பாத்திரம் விழுகிறது, போகட்டும். பழைய அக்கம்பக்கம் எல்லாம் மீனுக்கு வீடு மாத்தின குடும்பம் என்று சிரிக்கிறதாம், சிரித்துவிட்டுப் போகட்டும்.

சாமான் ஏற்றுகிற அன்று தம்பி படி இறங்குவானா என்று எனக்கு உயிரே இல்லை. மீன் இருந்த மூடிபோட்ட வாளியை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று அவனே மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோரமாக ஒவ்வொரு படியாக இறங்கினான். வண்டியில் முன்னால் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை, பின்னால் சாமான்களுக்கு நடுவே வாளியைப் பிடித்துக்கொண்டே வந்தான். புது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பழைய வீட்டில் நம் வாசலுக்கு நேரெதிரே லிப்ட், அது வந்து நிற்கும்போதெல்லாம் மணி அடிக்கும், ஒவ்வொரு மணிக்கும் அவனுக்குத் தோள் தூக்கிப்போடும். அவ்வளவு நாளும் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இங்கே அந்தச் சத்தம் இல்லை.

நாலடித் தொட்டி வந்து, தண்ணீர் பழகட்டும் என்று அவன் சொன்ன நாள் வரைக்கும் காத்திருந்து, ஐந்து மீனையும் விட்டாயிற்று. நான்கு நடுத்தண்ணீருக்கு வந்துவிட்டன, ஒன்று இன்னும் மூலையில் கருப்பாக நிற்கிறது. தம்பியும் அப்படித்தான், ஒருநாள் பேசினால் இரண்டு நாள் பேசுவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, கத்தி இன்னும் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இந்த இடம் வரைக்கும் எழுதியிருந்தேன், அதற்குள் அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். அஞ்சு பத்தாதும்மா, இன்னும் ரெண்டு வேணும், நானே பாத்து எடுத்துட்டு வரேன் என்கிறான். அப்பா வண்டிச் சாவியை எடுத்தார், வேணாம்ப்பா, நடந்து போறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டான். போனை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்பா தெருவில் நின்று அழுக்கே இல்லாத வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பின்னாலேயே ஓடாமல் இருப்பதற்காக நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். மறந்துவிட்டதா, மறக்காமல்தான் போயிருக்கிறானா. வேறு எங்காவது போய்விட்டானா. கடை பக்கம்தான், இந்நேரம் இரண்டு தரம் போய்வந்திருக்கலாம். சும்மா விட்டுவிட்டோமே, கூடவே போயிருக்கலாமே. அப்பா இப்போது துடைப்பதை நிறுத்திவிட்டார். மேலே எழுத முடியவில்லை.

வந்துவிட்டான். வெறுங்கையோடு வந்திருக்கிறான். அந்தக் கடைக்காரர் எல்லாத்தையும் ஒரே தொட்டியில அடைச்சு வச்சிருக்காரும்மா, கருத்துப்போய்க் கெடக்கு, ஒவ்வொண்ணா நின்னு பாத்தேன், எடுக்க மனசு வரல என்றான். கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவன், பஸ்ல போனா இன்னொரு கடை இருக்காம், நாளைக்குப் போய்ப் பாக்கறேன் என்கிறான். நான் சரிப்பா என்று மட்டும் சொன்னேன். அப்பா வண்டிக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம். லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம் என்று இத்தனை நாள் சொன்னேன், இப்போது சொல்லவில்லை, முடிந்தால் வா. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. போன் செய்தால் எப்படி இருக்கே என்று தம்பியிடம் கேட்காதே. இன்னிக்குத் தண்ணி சூடு எவ்ளோ, மூலையில இருந்தது சாப்ட்டுச்சா என்று கேள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா