உங்கள் வண்டியின் உயரத்தைக் குறைத்துவிட்டேன்

என்னங்க, என் நெட்டைக்காரரே,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிக்கப் வண்டியின் உயரத்தைக் குறைத்துவிட்டேன். முன்னாலும் குறைத்தாயிற்று, பின்னாலும் குறைத்தாயிற்று. கோபப்படாமல் மிச்சத்தையும் கேளுங்கள். கோபப்பட வேண்டியவள் நான்தான். சொல்லாமல் கொள்ளாமல் போனது நீங்கள்தானே?

நமக்குக் கல்யாணமான எண்பத்தொன்பதில் அதைப் பழைய வண்டியாக வாங்கி வந்தீர்கள். வேர்க்கடலை மூட்டை ஏற்றினால் வண்டி உட்கார்ந்துவிடுகிறது என்று, அடியில் வில் போல வளைந்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னும் சில பட்டைகளைச் சேர்த்தீர்கள். பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பது அழகாக இல்லை என்று முன்னாலும் சேர்த்தீர்கள். காலி வண்டியைத் தெருவே அண்ணாந்து பார்த்தது. நானும் அண்ணாந்துதான் பார்த்தேன். உங்கள் தோளைத் தொடுவதற்கே எக்க வேண்டிய எனக்கு வேறு வழி ஏது?

நீங்கள் போன பிறகு வண்டி எட்டு மாதம் வேப்ப மரத்தடியில் கிடந்தது. தினமும் அதன்மேல் விழும் இலையைப் பெருக்கித் தள்ளித் தள்ளி எனக்கு அலுத்துப்போயிற்று. ஒரு நாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, திருவண்ணாமலையில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். லைசென்ஸும் வாங்கிவிட்டேன். நம்புகிறீர்களா? சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்று பத்து வருஷம் என்னைக் கிண்டல் செய்தவர்தானே நீங்கள்.

உங்கள் தம்பி ஏழுமலைக்கு இது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அது உங்களுக்கே தெரியும். பஸ்ஸில் கண்டக்டராக நாள் முழுக்க நாலு பேர் பேச்சைக் கேட்கிறவர். "அண்ணி, ஊரே பாக்குது. பாதி வழியில வண்டி நின்னா என்ன பண்ணுவீங்க? வித்துடலாம்ங்க"னு சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கார்த்திகை தீபம் வரைக்கும் பார்ப்பது என்று பேச்சு முடிந்தது. அதற்குள் யார் உதவியும் இல்லாமல் நான் வண்டியை நடத்தவில்லை என்றால், அவர் கொண்டுவரும் ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஊரில் விளைகிற காய்கறியை மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக ஆரம்பித்தேன். ஓட்டுவது சிரமமாக இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டால் கால் எட்டிவிடுகிறது. ஏறுவதுதான் பாடாக இருந்தது. ஒரு கையில் புடவைக் கொசுவம், ஒரு கையில் ஸ்டீயரிங், கால் மட்டும் அந்தரத்தில். மார்க்கெட்டில் நான் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற நேரம் பார்த்து டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். நான் ஏறி உட்கார்ந்ததும், "ஏறிட்டாங்கடா!" என்று ஒருவன் கத்துவான். அவமானமாக இருந்தது.

அதற்காக ஒரு முக்காலி வாங்கினேன். கயிறு கட்டி, ஏறியதும் மேலே இழுத்துக்கொள்வேன். ஒரு நாள் அதை மார்க்கெட்டிலேயே விட்டுவிட்டு வந்து, கீழ்பென்னாத்தூரில் யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த செங்கல் குவியல்மேல் நின்று ஏறினேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நான் உயரப்போவதில்லை, வண்டிதான் இறங்க வேண்டும் என்று.

அவலூர்பேட்டை ரோட்டில் பாபு பாய் ஷெட்டுக்குப் போனேன். உங்களுக்குப் பட்டை சேர்த்துக் கொடுத்த அதே பாய்தான். ஷெட்டில் ஆம்பிளைகளாக நின்றார்கள். ஏற முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "லோடு ஏத்தறவங்களுக்கு உசரமா இருக்காம். கொஞ்சம் எறக்கிக் குடுங்க பாய்"னு பொய் சொல்லிவிட்டு, மறுநாள் வருவதாகக் கிளம்பிவிட்டேன்.

லோடு ஏற்றுவது பின்பக்கம்தானே? அவரும் பின்பக்கத்துப் பட்டைகளை மட்டும் கழற்றி வைத்திருந்தார். போய்ப் பார்க்கிறேன், வண்டி பின்னால் குந்திக்கொண்டு மூக்கை மலைப்பக்கம் தூக்கி நிற்கிறது. ஏறும் படி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அங்கே நின்ற ஆட்டோக்காரர், "என்னக்கா, உங்க வண்டி அண்ணாமலையாரைக் கும்பிடுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் எனக்குக் குரல் பெரிதாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? "லோடு ஏத்தறவங்களுக்கு இல்ல பாய், எனக்குத்தான்! என்னால ஏற முடியல. டீக்கடையே நின்னு வேடிக்கை பாக்குது. போதுமா?"னு கத்திவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா தங்கச்சி?" என்றார் பாய். பிறகு தயங்கி, "அண்ணன் இருந்தா ஒத்துக்கவே மாட்டாரு" என்றார்.

"அண்ணன் இருந்தா நான் எதுக்கு பாய் டிரைவர் சீட்ல ஏறப்போறேன்?"

அவர் ஜாக்கியை எடுத்துவரச் சொல்லி வேலையாளுக்குக் குரல் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் முன்பக்கமும் இறங்கிவிட்டது. கழற்றிய பட்டைகளைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். அவை கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் சாமான் ஒன்றையும் நான் எறியவில்லை. "லோடு கம்மியா ஏத்துங்க. ஜாஸ்தி ஏத்தினா டயர் மேல உரசும்"னு பாய் சொல்லித்தான் அனுப்பினார். நான் கேட்டேனா? மறுநாளே பழைய கணக்கில் கத்தரிக்காய் மூட்டைகளை அடுக்கினேன். முதல் பள்ளத்திலேயே ரப்பர் தீய்கிற வாடை. பாதியை இறக்கிவைத்துவிட்டு இரண்டு நடை அடித்தேன். இப்போதும் இரண்டு நடைதான். ஆனால் வண்டி முன்புபோலத் தூக்கித் தூக்கிப் போடுவதில்லை, தக்காளிகூட நசுங்காமல் போய்ச் சேருகிறது. நீங்கள் ஓட்டும்போது என் இடுப்பு ஒடிந்ததற்குக் காரணம் ரோடு இல்லை, நீங்கள் சேர்த்த பட்டைதான் என்று இப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா?

தீபத்துக்கு முன்னாலேயே ஏழுமலை ஆளைக் கூட்டிவந்துவிட்டார். போளூர்ப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிறவர். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தார். "பட்டையெல்லாம் எங்கப்பா? இதுல செங்கல் ஏத்துனா தரையில உக்காந்துடுமே" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏழுமலைக்கு முகம் சிவந்துவிட்டது. "வேணும்னுதானே அண்ணி பண்ணீங்க?"

சத்தியமாக இல்லை. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அதையேதான் சொன்னேன். "என்னால ஏற முடியலங்க. அதுக்குத்தான் எறக்கினேன். இப்ப ஏறறேன் பாருங்க"னு சொல்லிவிட்டு ஏறிக் காட்டினேன். முக்காலி இல்லை, செங்கல் இல்லை. வீட்டு வாசற்படி ஏறுகிற மாதிரி ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ஆளுக்காகக் காத்திருந்ததில் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. "ஏறுங்க, நான் விட்டுடறேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இடது பக்கம் ஏறினார். உங்கள் வீட்டு உயரமாயிற்றே, கதவு மேல்கட்டையில் நங்கென்று தலை இடித்தது. நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இறங்கிப் போயிருப்பார்.

வழி நெடுக அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் ஏது பிரேக்? ஒரு லாரியை நான் தாண்டிப் போனபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது நாங்கள் அதைத் தாண்டிவிட்டிருந்தோம். "ஹாரன் இன்னும் கொஞ்சம் முன்னாடி அடிங்க அண்ணி" என்றார். அவ்வளவுதான். வித்துடலாம் என்கிற பேச்சை எடுக்கவில்லை.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வாசலில் டிரைவர்களும் கண்டக்டர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள். எனக்கோ கவலை, இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று. ஏழுமலை இறங்கினார், கதவை மெதுவாகச் சாத்தினார், பையைத் தோளில் மாட்டினார்.

"எங்க அண்ணி. இனிமே நம்ம கீழ்பென்னாத்தூர் லைன்லதான் ஓட்டுவாங்க. பின்னாடி வந்தா ஹாரன் அடிச்சுப் பயமுறுத்தாதீங்க. சைடு குடுங்கடா."

அதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நன்றாக அழுதேன். துக்கமா சந்தோஷமா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, வண்டியில் இருந்த இரண்டாம் நடை மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கினேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வண்டியை விற்க மாட்டேன். யார் சொன்னாலும் மறுபடி உயர்த்தவும் மாட்டேன். ஹாரனை முன்கூட்டியே அடிப்பேன். உங்கள் நினைப்பு வரும், அது எந்த வளைவில் வரும் என்று சொல்ல முடியாது. வந்தால், கையைக் காட்டி, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் அழுவேன்.

கீழ்பென்னாத்தூர் லைனில் வண்டி ஓட்டும்
உங்கள் பெண்டாட்டி,
கஸ்தூரி