மலடு என்று எழுதிய அட்டை

மதிப்பிற்குரிய கணவருக்கு,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. நான் நலம். உங்கள் நலத்தைக் கேட்பது வழக்கத்துக்காகத்தான்.

உங்கள் கடிதமும் விவாகரத்துத் தாளும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு. ஏழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். காரணம் என்ற கட்டத்தில் மனைவிக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்று இருக்கிறது. உங்களுக்குப் பெண் பார்த்து முடித்தாயிற்று என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி சொல்லித்தான் தெரியும். அத்தை என்னிடம் மூச்சு விடவில்லை. காப்பியை மட்டும் தினமும் என் கையால்தான் வாங்கிக் குடிக்கிறார்.

நாம் இருவரும் வேலை பார்க்கும் செடி நர்சரியின் சேதி ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பும் அவசரத்தில், மூன்றாம் பசுமைக்கூடத்து மஞ்சள் பூச்செடிகள் ஒரு விதைகூடப் பிடிக்கவில்லை என்று, "மலடு, பிடுங்கவும்" என அட்டை எழுதிக் கட்டிவிட்டுப் போனீர்களே, அதைப் பற்றி. பிடுங்கும் வேலையை மேலாளர் என் தலையில் கட்டினார். பிடுங்க உட்கார்ந்தவள் ஒரு பூவைக் கிள்ளிப் பிரித்துப் பார்த்தேன். மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது, மகரந்தம் கீழே அடியில். அடுத்த செடியிலும் அப்படியே. கூடம் முழுக்க அப்படியே.

இந்தச் செடியில் பூ இரண்டு வகை. மற்ற வகையில் மகரந்தம் மேலே, சூல்முடி கீழே. ஒரு வகைக்கு மற்ற வகையின் மகரந்தம் சேர்ந்தால்தான் விதை, தன் வகையோடு சேர்ந்தால் ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். பூ அழகாக இருக்கிறதென்று ஒரே தாய்ச்செடியின் தண்டுகளை வெட்டிக் கூடம் முழுக்க நட்டதும் நீங்கள்தான்.

முதல் கூடத்திலிருந்து மற்ற வகைத் தொட்டி ஒன்றைத் தூக்கி வந்து, தூரிகையால் நாற்பது பூக்களுக்கு மகரந்தம் தொட்டு வைத்தேன். முப்பத்தொன்றில் காய் பிடித்துவிட்டது. உங்களுக்கு எழுதச் சொன்னார் மேலாளர், எழுதிவிட்டேன்.

டாக்டரம்மா என்னை மூன்று தடவை சோதித்தார். உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா, வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க என்று மூன்று தடவையும் சொன்னார். முதல் தடவை வேலை என்றீர்கள், இரண்டாம் தடவை தலைவலி. மூன்றாம் தடவை சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் விழுந்தது. அந்தக் கறையை நான்தான் தேய்த்தேன், இன்னும் முழுதாகப் போகவில்லை.

குறை உங்களிடம் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே அட்டை கட்டுவது உங்களுக்குக் கைவந்த கலை, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காரணத்தை மட்டும் அடித்துவிட்டு, கணவர் சோதனைக்கு வர மறுத்தார் என்று எழுதியிருக்கிறேன். வேண்டாமென்றால் புதுத் தாள் அனுப்புங்கள், அதிலும் இதையேதான் எழுதுவேன்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதாம். தாலி கட்டும் முன் ஒரே ஒரு தடவை டாக்டரிடம் போய் வாருங்கள். ஏழு வருஷத்தில் உங்களிடம் நான் கெஞ்சியதில்லை, இதற்காகக் கெஞ்சுகிறேன். நீங்கள் எழுதிய அட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன். என் கழுத்தில் கிடந்தது போதும், அவள் கழுத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நன்றாக இருங்கள். அவளையும் இருக்க விடுங்கள்.

இப்படிக்கு,
இந்தக் கடிதம் கிடைக்கும் வரை உங்கள் மனைவி