ஐந்து மணிக்கு வந்தவர்

ஜூலை 8, செவ்வாய்

ஒரு நாள் எப்போது தொடங்குகிறது?

புளத்கொகுபிட்டிய இறப்பர் தோட்டத்துக்கு விரல்ரேகை வைக்கும் வருகைப் பதிவு மென்பொருள் எழுதியது நான்தான். இன்று அங்கே போனேன். பால் வெட்டும் செல்வமணிக்கு எல்லாச் சனிக்கிழமையும் ‘வரவில்லை’ என்று விழுந்திருக்கிறது. வேலையாள் பட்டியலிலிருந்து பெயரை வெட்டப் போகிறார்கள். பெயர் போனால், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போகும்.

“மெஷின் பொய் சொல்லுமா? நீ கனவுல வந்திருப்ப,” என்று தோட்ட அலுவலகத்துக் கிளாக்கர் சிரித்தார்.

“நான் வெட்டுன மரத்தக் கேளுங்க ஐயா, அது சொல்லும்,” என்றார் செல்வமணி. பிறகு என்னைப் பார்த்தார். “மிஸ், உங்களுக்குமா தெரியலை?”

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நேரத்தைக் கையாள நான் எடுத்துக்கொண்ட நிரல் நூலகம் கிரீனிச் நேரத்தைத்தான் வைத்துக்கொள்கிறது. இங்கே காலை ஐந்தரை ஆகும்வரை அங்கே முந்தைய நாள். தேதியை எடுப்பதற்கு முன் இலங்கை நேரத்துக்கு மாற்றும் வரியை நான் எழுதவில்லை. மற்றவர்கள் ஆறு மணிக்கு வருகிறார்கள். செல்வமணி ஐந்துக்கே வருகிறார். அவருடைய ஒவ்வொரு நாளும் முந்தைய நாளில் பதிவானது. திங்கள், ஞாயிற்றில் விழுந்து விடுமுறையாகக் கழிந்தது. ஞாயிறு வேலை இல்லாததால் சனி வெறுமையாக நின்றது. எல்லோருக்கும் முன்னால் வந்தவரை வராதவராக்கியிருக்கிறேன்.

அந்த வரியை இப்போது எழுதிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. கிளாக்கர் தொலைபேசியை எடுக்கவில்லை.

புதன்

ஏழு மணிக்கே தோட்டத்துக்குப் போனேன். “நேத்து அந்திக்கே பேரை எடுத்தாச்சு மிஸ். இனி துரைதான் சொல்லணும்,” என்றார் கிளாக்கர். தோட்டத்தை நடத்தும் துரை கொழும்பில் இருக்கிறார்.

செல்வமணி இன்றும் வந்து விரல் வைத்திருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லாததால் இயந்திரம் ஏற்கவில்லை. ஆனால் அவர் விரல் வைத்தது பதிவில் இருக்கிறது: 5.02, சரியான தேதியோடு.