நெய்யாற்றின்கரைக்குத் திருப்பிவிட்ட வீட்டு போன்

அன்பு மகள் அமிர்தாவுக்கு, பாறசாலையிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு சத்தியபாய் எழுதுவது. நான் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவும் சுகம் என்று உடனே எழுத முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. உங்கள் கம்பெனியின் இணையதளத்தில் ஒரு பக்கத்தைத் தட்டினால் மேலே உங்கள் முகவரிதான் நிற்கும், பக்கம் மட்டும் வேறு யாருடைய தளத்திலிருந்தோ வரும், எதை எங்கே திருப்புவது என்று ஒரு கோப்பில் நீதான் எழுதிவைக்கிறாய், முதலில் சொந்தப் பக்கம் உண்டா என்று பார்த்து இல்லாததை மட்டும் வெளியே அனுப்ப வேண்டும், தவறினால் எல்லாமே வெளியே போய்விடும் என்றாய். வாறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, நம்ம இடத்துலதான் நிக்கோம்னு நினைப்பாவ என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை மக்கா. உனக்கு நாங்களும் அதையே செய்துகொண்டிருந்தோம்.

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆப்பரேஷன் நடந்தது. இருபத்தொரு நாள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டு போனுக்கு வரும் அழைப்பை அவள் கையிலிருந்த மொபைலுக்குத் திருப்பிவிட்டது சத்தியபாய்தான். மாட்டுக்குப் புல் வைத்தாச்சா என்று நீ கேட்டபோது கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி வச்சாச்சு என்றாள். பின்னால் நர்ஸ் பேசியதைக் கேட்டு அது ஆரு என்றாய், டிவியாக்கும் என்றாள். உன் அழைப்பை மட்டும் திருப்ப எங்களுக்குத் தெரியவில்லை, எல்லாமே அங்கே போயிற்று. பூட்டிக்கிடந்த வீட்டு வாசலில் நின்று வீட்டு போனுக்குக் கூப்பிட்ட கேஸ் சிலிண்டர்காரனிடமும், அடுக்களையில கைவேலையாட்டு நிக்கேன், வெளிய வச்சிட்டுப் போ மக்கா என்றாளே, அப்போது மட்டும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிள்ளைக்கு இப்பதான் வேலை கெடச்சிருக்கு, சொன்னா போட்டுட்டு ஓடி வருவா என்று, உன்னிடம் போனில் சொல்லக்கூடாதென என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறாள். நேற்றே திருப்பிவிட்டதை எடுத்துவிட்டோம், இனி மணி இங்கேதான் அடிக்கும். திட்டுவதானால் என்னைத் திட்டு, அவளை வேண்டாம். சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாள், அதனால் கேட்காதே. போனை நான் தரையில் வைக்கிறேன், அவள் நடக்கிற சத்தத்தைக் கேள்.

உனக்கு ஒரு குறையும் வராது மகளே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா சோமன் (கைநாட்டு)