பக்கத்து இருக்கை

ஆர்ல், தென் பிரான்ஸ்
09.06.2025

அன்பின் மச்சானுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். மின்னஞ்சலின் எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணை வருத்தாமல் ஆறுதலாக வாசியுங்கள்.

மோட்டார்ஹோமை மார்செய்யில் எடுத்தேன். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கியர் கையால் மாற்றுவது. முதல் நாள் மூன்று தரம் நின்றுபோனது; இன்று ஒரு தரம்தான். ஆற்றங்கரையில் நிறுத்திச் சோறும் சூடை மீன் குழம்பும் வைத்தேன். என் கியூபெக் பிரெஞ்சைக் கேட்டு மீன்காரி சிரித்தாள். சிரித்தபடியே இரண்டு மீன் கூடப் போட்டாள்.

இருவருமாகத் திட்டம் போட்ட பயணம். புறப்படப் பத்து நாள் இருக்க, உங்கள் டிக்கெட்டை மட்டும் ரத்துச் செய்தீர்கள். அதைப் பொறுத்தேன். ஆனால் கோயிலில் அல்போன்சம்மாவிடம், நான் பாரிசில் தங்கச்சி வீட்டில் நிற்பதாகச் சொன்னீர்களாம். அவ எனக்குப் போன் எடுத்து, தங்கச்சி சுகமா என்று கேட்கிறா. எனக்கு எப்போது தங்கச்சி பிறந்தாள்?

மருந்துக் குளிசைகளை நேரத்துக்குப் போடுங்கள்.

அன்புடன்,
றோசலின்

மொன்றியல்
12.06.2025

றோசலினுக்கு,

கட்டின மனிசி தனியாக வாகனம் ஓட்டிக்கொண்டு திரிகிறாள் என்று கோயிலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துறைமுகத்திலிருந்து இருபத்தெட்டு வருடம் கொள்கலன் லொறி ஓட்டியவன் நான். கண் குறைந்து லைசென்ஸ் போனது. அதற்காக, நீ ஓட்ட நான் பக்கத்தில் சாமான் மூட்டை மாதிரி இருக்க வேணுமா?

வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா. இங்கே ஒரே வெக்கை. புட்டு அவிக்கப் பார்த்தேன், களியாகிவிட்டது.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதே. இரண்டாம் கியரில் இறக்கு.

ஞானசுந்தரம்

லூபெரோன் மலைப்பக்கம்
15.06.2025

அன்பின் மச்சானுக்கு,

திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

நேற்று ஒரு மலைக்கிராமத்துச் சந்துக்குள் போய், இரண்டு கல்வீடுகளுக்கு நடுவில் இறுகிவிட்டேன். எதிரே பேக்கரிப் பாண் வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான். ஒருவர் வந்து, "மடாம், இறங்குங்க, நான் எடுத்துத் தாறன்" என்றார். "மெர்சி. நீங்க பின்னால நிண்டு பாருங்க, நானே எடுக்கிறன்" என்றேன். இருபது நிமிடம், அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன். வெளியே வந்ததும் வான்காரன் ஒரு நீளப் பாணை ஜன்னலுக்குள் நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பயத்தில் இல்லை. பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறது. வாருங்கள்.

றோசலின்

மொன்றியல்
17.06.2025

அன்பின் றோசலினுக்கு,

போனை வாசிக்கவிட்டு மூன்று தரம் கேட்டேன். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாய் என்று எழுதவில்லையே?

உண்மையைச் சொல்கிறேன். இருக்கை அல்ல காரணம். பார்க்கிற எதிலும் நடுவெல்லாம் எனக்குப் புகைதான். ஓரம் மட்டும் தெரியும். இனி இது கூடத்தான் செய்யும் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். உனக்கு மறைத்தேன். நீ "அங்க பாருங்க, லாவண்டர்" என்பாய். நான் தெரியாமலே "ஓம், வடிவு" என்பேன். பயணம் முழுக்க, மூன்று கிழமை உன் பக்கத்தில் இருந்து பொய் சொல்ல என்னால் ஏலாது.

நீ பார்த்துவிட்டு வா.

ஞானசுந்தரம்

18.06.2025

மச்சான்,

டாக்டர் சொன்ன அன்றே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபத்தை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

பொய் சொல்ல வேண்டாம். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்; வண்டியை நிறுத்துகிறேன், இறங்கிக் கிட்டப் போவோம். லாவண்டர் பூக்க இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. அதுவரை கடலோரம்.

சனி காலை மார்செய் விமான நிலையத்தில், கடைசிப் பயணி வெளியே வரும்வரை நிற்பேன். நீங்கள் வராவிட்டாலும் பயணத்தை முடித்துக்கொண்டுதான் திரும்புவேன்.

றோசலின்

டோர்வல் விமான நிலையம், மொன்றியல்
20.06.2025

அன்பின் றோசலினுக்கு,

விமானம் ஏற இன்னும் ஒரு மணித்தியாலம். பார்வை குறைந்தவர்களுக்கு உதவி செய்கிற பிள்ளை ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பெயர் சுதாஜினி. "அங்கை உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆர் ஐயா வருவினம்?" என்று கேட்டாள்.

"என்ர மனிசி."

"டாக்சியிலயோ?"

"இல்ல புள்ள. ஏழு மீற்றர் வண்டி. அவதான் ஓட்டுறா" என்றேன்.

குரல் கொஞ்சம் கூடிவிட்டது போல. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று அவள்தான் சொன்னாள்.

உன்,
ஞானசுந்தரம்